கைக்காது

மங்கையர்க்கரசியின் கணவர் இறந்த பதினெட்டாம் நாள் காலை, உறவு நலத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து அவளுடைய இடது மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டை ஒன்றை மாட்டினாள். அரசாணையில் அந்தப் பட்டைக்கு நீளமான பெயர் இருந்தது. கோயம்புத்தூரில் எல்லோரும் அதைக் கைக்காது என்றார்கள்.

“பயப்படாதீங்க மேடம். நீங்க என்ன பேசறீங்கன்னு இது ஒட்டுக் கேக்காது,” என்றாள் அந்தப் பெண். பெயர் ரிஸ்வானா. வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது. “யார்கிட்டயாவது பேசறீங்களா, இல்லையான்னு மட்டும்தான் பாக்கும்.”

“தெரியும்.”

“எல்லாரும் தெரியும்னுதான் சொல்றாங்க மேடம். அப்புறம் டி.வி.யைச் சத்தமா வெச்சுட்டு உக்காந்துக்கறாங்க. அது செல்லாது. கம்ப்யூட்டர்கிட்ட பேசினாலும் செல்லாது. மனுஷங்க பேசிக்கும்போது ஒருத்தர ஒருத்தர் குறுக்க வெட்டுவாங்க, பாதியில நிறுத்துவாங்க, ‘அது வந்து’ன்னு இழுப்பாங்க. அதையெல்லாம் வெச்சு இது கண்டுபிடிச்சிரும். ரொம்ப மூளைக்காரங்க யாரோ செஞ்சிருக்காங்க.”

“அப்படியா,” என்றாள் மங்கையர்க்கரசி.

செய்தது அவள்தான்.

ஒன்பது வருடங்களுக்கு முன், வெயில் நாற்பத்தாறு டிகிரியைத் தொட்ட கோடையில், நகரத்தின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு பேர் அவரவர் வீட்டுக்குள் இறந்து கிடந்தார்கள். எல்லோரும் தனியாக வசித்தவர்கள். பக்கத்துக் கதவுக்காரர்களுக்கு நான்கைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் மூக்கு வழியாக. அதன் பிறகு சட்டம் வந்தது. தனியாக வசிக்கும் ஒவ்வொருவரும் கைக்காது அணிய வேண்டும். நாற்பது நாள் சராசரியில் தினம் இருபது நிமிடமாவது இன்னொரு மனிதருடன் பேசியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கூட்டில்லத்தில் இருந்தாக வேண்டும். உரையாடலையும் ஒப்பித்தலையும் பிரித்தறியும் பகுதியை எழுதிக் கொடுத்தவள் மங்கையர்க்கரசி. அணிந்திருப்பவருக்கு அவருடைய எண் தெரியக் கூடாது, தெரிந்தால் விளையாட ஆரம்பித்துவிடுவார் என்று பரிந்துரைத்ததும் அவள்தான். அந்தச் சமயத்தில் அவளுக்குக் கணவர் இருந்தார். பட்டை மற்றவர்களுக்கானது.

கணவர் பெயர் இளம்பரிதி. நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர். சாலையில் நின்றுகொண்டு யாரிடமோ எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கடைசி வாக்கியத்தை முடிக்கவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊருக்குப் போனபின் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மன்னார்குடியிலிருந்து அக்கா தமயந்தி தினமும் இரண்டு முறை அழைத்தாள். அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். அவள் எடுக்கவில்லை. எடுத்தால் எதிர்முனையில் இருப்பவர் அழுவார். அவள் ஆறுதல் சொல்ல வேண்டும். பதினாறு நாட்களில் எழுபது பேருக்காவது ஆறுதல் சொல்லியிருப்பாள். இனி யாருக்கும் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பட்டை மாட்டிய இருபதாம் நாள் ரிஸ்வானா அழைத்தாள். அரசாங்க எண் என்பதால் எடுத்தாக வேண்டியிருந்தது.

“உங்க எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது மேடம், ரூல்ஸ். ஆனா கூட்டில்லத்தை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தீங்கன்னா மனசு பழகிரும்.”

மங்கையர்க்கரசி அதைப் பார்த்திருக்கிறாள். திறப்பு விழாவுக்கே போயிருக்கிறாள். கூடத்துக்குப் பதினாறு கட்டில்கள். காலை ஏழு மணிக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து முந்தின நாள் கண்ட கனவைச் சொல்ல வேண்டும். கனவு வராதவர்கள் வந்தது போல ஏதாவது சொல்ல வேண்டும். அன்று அவள் அதைக் கைதட்டி வரவேற்றிருந்தாள்.

அன்றைய சாயங்காலமே ஏமாற்றுவது என்று முடிவெடுத்தாள். யார் ஏமாற்றினாலும் மாட்டுவார்கள். பரீட்சைத் தாளைத் தயாரித்தவள் ஏமாற்றினால் மாட்டமாட்டாள். கூட்டாளி ஒருவர் வேண்டும். இளம்பரிதியின் பெயர்கூடத் தெரியாதவராக, துக்கம் விசாரிக்காதவராக இருந்தால் நல்லது.

எதிர் வீட்டில் நஞ்சப்பன் என்று ஒருவர் இருந்தார். பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் கனடாவில். அவர் கையிலும் பட்டை இருப்பதை லிஃப்டில் பார்த்திருந்தாள். ஆறு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் வணக்கம் வைத்தார். பேசவில்லை.

“எதிர் வீடுங்க சார். ஒரு உதவி வேணும். நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது.” அவள் தன் மணிக்கட்டைக் காட்டினாள். “இருபது நாள்ல என்னை அந்தக் கூட்டில்லத்துக்கு அனுப்பிடுவாங்க. உங்களுக்கும் எண்ணிக்கை குறைவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், நீங்க யார்கிட்டயும் பேசி நான் பார்த்ததில்ல. எப்படிப் பேசினா இது ஏத்துக்கும்னு எனக்குத் தெரியும். நான் எழுதிக் கொடுக்கறேன், நீங்க படிச்சாப் போதும். சொந்த விஷயம் எதுவும் கேக்கமாட்டேன். நீங்களும் கேக்க வேண்டாம்.”

நஞ்சப்பன் தன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். யோசிக்க இவ்வளவு நேரம் எடுக்கும் ஆளா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. சரி, வேறு யாரையாவது பார்ப்போம் என்று திரும்பினாள்.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ரொம்ப நாள் ஓடாத மோட்டாரைப் போட்டது போல முதலில் வெறும் காற்றுதான் வந்தது.

“உள்ள வாங்க அம்மிணி,” என்றார் நஞ்சப்பன்.

மறுநாள் அவள் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். இருவருக்கும் ஆளுக்கொரு பிரதி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னைக்கு வெயில் அதிகமா இருக்கு, இல்ல?” என்று அவள் ஆரம்பித்தாள்.

“குறுக்கிட்டு ஆமாம் ஆனால் நேற்றைவிட,” என்றார் நஞ்சப்பன்.

“குறுக்கிட்டுங்கறதைப் படிக்கக் கூடாது சார். குறுக்கிடணும்.”

“அதுக்கு நீங்க சொல்லி முடிக்கறதுக்கு முந்தியே நான் ஆரம்பிக்கோணுமுங்களே.”

“ஆமா, அதான்.”

“நீங்க முடிக்காமயே நீங்க என்ன சொல்ல வாரீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

“அதான் பேப்பர்ல இருக்கே!”

“பேப்பர்ல இருக்கறதுக்கு எதுக்குங்க குறுக்கிடறது? அது மரியாதையில்லீங்க.”

அரை மணி நேரம் இப்படிப் போனது. வெயிலைப் பற்றிய நான்கு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்தபோது அவளுக்குத் தலைவலியே வந்துவிட்டது. இந்த ஆளை வைத்துக்கொண்டு இருபது நாள் எப்படி ஓட்டுவது?

நஞ்சப்பனிடம் ஒரு தொந்தரவான குணம் இருந்தது. எந்த வேலையைக் கொடுத்தாலும் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பார். வெயில் போய், கதாபாத்திரங்கள் வந்தபோது இன்னும் மோசமானது. பேருந்தைத் தவறவிட்ட கணவன் மனைவி என்று அவள் ஒரு காட்சி எழுதினால், எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம் என்று கேட்டார். காந்திபுரம் என்றால், அங்கிருந்து அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று உண்டே, எதற்கு இவ்வளவு ரகளை என்றார். அந்தப் பொம்பளை கோபப்படுவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும், அதை முதலில் முடிவு செய்யுங்கள் என்றார். அவள் அடித்து எழுதினாள். அவர் டீ போட்டார். டீயில் சர்க்கரை அதிகம் என்று அவள் சொன்னாள். இரண்டாம் வாரம் ‘சார்’ போய் ‘அண்ணா’ வந்துவிட்டது. எந்த நாளில் மாறியது என்று அவளுக்கே தெரியாது.

பட்டை மாட்டிய முப்பத்தாறாம் நாள் புதுக் காட்சி ஒன்று கொண்டுபோனாள். அதில் ஒரு கணவன். லிஃப்டை விட்டு இறங்கும்போதெல்லாம் திரும்பி அதற்கு நன்றி சொல்கிறவன். மனைவிக்கு அது மானக்கேடாக இருக்கிறது.

நஞ்சப்பன் தாளைக் கீழே வைத்தார். “இது ஒப்பாதுங்க அம்மிணி. லிஃப்டுக்குத் தேங்க்ஸ் சொல்ற புருசன் எந்த ஊர்லீங்க இருக்கறான்?”

“இருந்தாரு,” என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அவருங்களா அது?” என்றார். “ஒசரமா, காதுகிட்ட நரைச்சு... அஞ்சாவது மாடியில எறங்கி, திரும்பித் தேங்க்ஸ்னு சொல்லுவாரே? அட, நான் எனக்குத்தான் சொல்றாருன்னு நெனச்சனுங்க. ரண்டு வருசமா நானும் திருப்பி வணக்கம் வெச்சுட்டிருந்தேன். எதுக்குடா இந்த மனுசன் நமக்கு நன்றி சொல்றாரு, நாம ஒண்ணுமே செய்யலையேன்னு ஒரே ரோசனை. ஒரு நாள் பொறுக்காம ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கிக் கொடுத்தேன்.”

“அந்தப் பழம் அதுக்காகத்தான் கொடுத்தீங்களா?” மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எதிர் வீட்டுக்காரர் கொடுத்தாரு, ஏன்னு தெரியலன்னு சொல்லிட்டு, ரெண்டு நாள் அதைத் தொடாமயே...”

அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எந்தக் கருவியாலும் சொல்லியிருக்க முடியாது. நஞ்சப்பன் அழாதீங்க என்று சொல்லவில்லை. தானும் அழவில்லை. அது அவளுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. வாழைப்பழத்தைப் பற்றி அவர் கேட்டார், அவள் சொன்னாள். பிறகு இளம்பரிதியைப் பற்றிக் கேட்டார், சொன்னாள். எட்டு மணி வரை சொன்னாள். தாளை அன்று யாரும் தொடவில்லை.

நாற்பதாம் நாள் பிற்பகல் ரிஸ்வானா மடிக் கணினியோடு வந்தாள்.

“தேறிட்டீங்க மேடம். கடைசி இருபது நாள் பிரமாதம். ஆனா ஒரு வேடிக்கை. தினமும் ஆறு மணிக்குமேல கொஞ்ச நேரம் பேச்சு, அப்புறம் ஒப்பிப்பு, மறுபடியும் பேச்சுன்னு மாத்தி மாத்தி வருது. ஒப்பிப்புக்கெல்லாம் பூஜ்ஜியம்தான் விழுந்திருக்கு. நடுவுல நடுவுல இருந்ததெல்லாம் முழு மார்க். நாடகம் ஏதாவது பழகறீங்களா?”

மங்கையர்க்கரசி மணிக்கட்டைத் திருப்பிப் பட்டையைப் பார்த்தாள். இருபது நாள் பாடுபட்டு எழுதிய எதுவும் செல்லவில்லை. எழுதியதைப் பற்றிப் போட்ட சண்டைதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அவளுடைய நிரல் சரியாக வேலை செய்திருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“எதிர் வீட்டு ஐயாதான் பாவம்,” என்றாள் ரிஸ்வானா, கணினியை மூடிக்கொண்டே.

“ஏன், அவரும் தேறியிருப்பாரே?”

“அதான் மேடம் பாவம். கூட்டில்லத்துல சேரணும்னு மூணு தடவை ஆபீசுக்கு வந்து கேட்டாரு. அங்க அவர் கூட வேலை பாத்தவங்க ரெண்டு பேர் இருக்காங்களாம். ஆனா விரும்பிச் சேர ரூல்ஸ்ல இடமில்லை. எண்ணிக்கை குறைஞ்சவங்களுக்கு மட்டும்தான். அப்புறம் யாரோ யோசனை சொல்லியிருக்காங்க, நாப்பது நாள் வாயைத் திறக்காம இருந்தா ஆர்டர் தானா வந்துரும்னு. முப்பது நாள் சுத்தமா பூஜ்ஜியம் மேடம். மாவட்டத்துலயே அப்படி யாரும் இருந்ததில்லை. முப்பத்தோராவது நாள் சாயங்காலம் என்ன ஆச்சுன்னு தெரியல, பேச ஆரம்பிச்சிட்டாரு. எல்லாம் போச்சு.”

விரும்பிச் சேர ஏன் இடமில்லை என்று மங்கையர்க்கரசி கேட்கவில்லை. அந்த விதிக்கு அவளே எழுதிய குறிப்பு அவளுக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. துணை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தவர் தனக்குள்ளேயே மூடிக்கொண்டவர் அல்லர். ஆகவே அவருக்கு இத்திட்டம் தேவையில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் குழுவில் எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். இளம்பரிதி மட்டும் வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு, “கேக்கறவனுக்குக் கொடுக்காம கேக்காதவனுக்குக் கொடுப்பீங்களா?” என்றார். உங்களுக்குப் புரியாது என்று அவள் சொல்லியிருந்தாள்.

அன்று ஆறு மணி வரை அவள் காத்திருக்கவில்லை.

“இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தா போயிருப்பீங்க. ஏன் பேசினீங்க?”

நஞ்சப்பன் கடலை உரித்துக்கொண்டிருந்தார். “அந்தப் புள்ள சொல்லிருச்சுங்களா?”

“நான்தான் உங்களைக் கெடுத்தேன். எனக்குத் தெரியாது. நீங்களாவது சொல்லியிருக்கலாமே, எனக்குப் பேச முடியாதுன்னு.”

“பேச முடியாதுன்னு எப்படிங்க அம்மிணி சொல்றது? அதுக்குப் பேசோணுமே.”

“விளையாடாதீங்கண்ணா.”

“நெசமாலுமே சொல்றனுங்க. பேசறதுக்கு நாலு பேர் வேணும்னுதான் அங்க போகப் பாத்தேன். அதுக்காக முப்பது நாள் வாயக் கட்டிட்டு உக்காந்திருக்கறேன். அப்பப் பாத்து ஒருத்தர் வந்து கதவத் தட்டி, ஏனுங்க, எங்கூடப் பேசறீங்களான்னு கேட்டா, நான் என்னங்க பண்ணட்டும்? ஒண்ணுமே சொல்லாமக் கதவச் சாத்தறதுக்கு எனக்கு மனசு வரலீங்க.”

“இப்ப நான் இருக்கேனே. இனிமே அங்க எதுக்கு?”

அவர் ஒரு கடலையை உடைத்தார். “நீங்க பொழுது சாஞ்சா ரண்டு மணி நேரம் வாரீங்க. அது பெரிய விசயம், நான் இல்லைங்கல. மிச்சம் இருவத்திரண்டு மணி நேரம் இருக்குதுங்களே, அம்மிணி. சோத்த வடிச்சு வெச்சுட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்.”

அது அவளுடைய சோறும்தான்.

மறுநாளே துறைக்கு மனு எழுதினாள். விதி தவறு, விரும்புகிறவர்களைச் சேர்க்க வேண்டும் என்று மூன்று பக்கம். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. பொதுமக்களில் ஒருவரிடமிருந்து வந்துள்ள மனு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, இவ்விதியை வகுத்த வல்லுநர் என்ற முறையில் தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும் என்று அவளையே கேட்டிருந்தார்கள். மனுதாரர் சொல்வது முழுக்க நியாயம் என்று அவள் கருத்துத் தெரிவித்தாள். அடுத்த கடிதம் சீக்கிரமே வந்தது. மனுதாரரும் வல்லுநரும் ஒருவரே என்பதால் கருத்தை ஏற்க இயலவில்லை.

இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். நஞ்சப்பன் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சிரிச்சது போதும்ணா. நாளையிலேர்ந்து நாப்பது நாள். ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

சிரிப்பு நின்றது. “அப்ப நீங்க வரமாட்டீங்களா?”

“வருவேன். பேசமாட்டேன்.”

“உங்க எண்ணிக்கை கொறைஞ்சு போகுமுங்களே? அப்புறம் உங்களையும் புடிச்சுட்டுப் போயிருவாங்க.”

“அதை நான் பாத்துக்கறேன்.”

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது. பேச இன்னொருவர் வேண்டும். மறுநாள் காலை வெகுநேரம் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அக்காவை அழைத்தாள்.

“உயிரோடதான் இருக்கியா?” என்றாள் தமயந்தி. அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் திட்டினாள். பெற்ற தாய்கூட அவளை அப்படித் திட்டியதில்லை. நடுநடுவே மங்கையர்க்கரசி, “இல்லக்கா,” “அது வந்துக்கா,” “நான் சொல்றதைக் கொஞ்சம்,” என்று முயன்றாள். எதையும் முடிக்கவிடவில்லை. கைக்காதுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடைத்திருக்காது. கடைசியில் இருவருக்கும் மூச்சு வாங்கியபோது தமயந்தி கேட்டாள், “சாப்பிட்டியாடி?” இல்லை என்றாள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள். அரிசியைக் களையும் வரைக்கும் அக்கா தொலைபேசியை வைக்கவில்லை. அடுத்த நாளும் மங்கையர்க்கரசி அக்காவை அழைத்தாள். அதற்கடுத்த நாள் அலுவலகத் தோழி ஒருத்தியை அழைத்தாள். அவள் எதிர்பார்த்தது போலவே அந்தத் தோழி அழுதாள். ஆறுதல் சொல்ல இம்முறை கொஞ்சம் கையிருப்பு இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர் வீடு. முதல் மூன்று நாள் தாளில் எழுதிக் காட்டிக்கொண்டார்கள். பிறகு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். நஞ்சப்பன் ஒரு கேரம் பலகையைத் தூசி தட்டி எடுத்தார். அவர் காய்களை அடிக்கும்போது வாயைப் பிதுக்குவார். அவள் தப்பாக அடித்தால் கண்களை மூடிக்கொள்வார். ஒரு நாள் அவர் தாளித்துக்கொண்டிருந்தபோது கடுகு வெடித்துப் புறங்கையில் பட்டது. அந்த மனிதர் வாயை ஆவென்று திறந்தபடி, சத்தமே இல்லாமல், சமையலறையை இரண்டு முறை சுற்றி வந்தார். மங்கையர்க்கரசி துண்டை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மருந்து போட்டுவிட்டாள்.

சில நாள் ஒன்றுமே செய்யவில்லை. அவர் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். திருகாணி ஒவ்வொன்றாகத் தட்டில் விழும் சத்தம் கேட்கும். கணவர் போன பிறகு அவள் அயர்ந்து தூங்கியது அந்த நாற்காலியில்தான்.

நாற்பத்தோராம் நாள் காலை ரிஸ்வானா நஞ்சப்பனுக்கு உத்தரவைக் கொடுத்துவிட்டு எதிர் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் கவலை.

“உங்க சராசரி நல்லாத்தான் இருக்கு மேடம். காலையில ஒரு அக்காகூட ரொம்ப சண்டை போடறீங்க போல, நல்லது. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க. தினமும் சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் முழுத் தனிமைன்னு காட்டுது. ஒரு பேச்சுச் சத்தம் கிடையாது. நாப்பது நாளும். அந்த நேரத்துல ஏதாவது மனசு கஷ்டமா? கவுன்சலிங்குக்கு எழுதட்டுமா?”

மங்கையர்க்கரசி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பேச்சையும் பேச்சு மாதிரி இருப்பதையும் பிரிக்க மூன்று வருடம் செலவழித்திருந்தாள். பேசாமல் இருப்பதில் எத்தனை வகை இருக்கிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

“எழுத வேண்டாம்மா,” என்றாள். “அந்த நேரத்துலதான் கொஞ்சம் நல்லா இருந்தேன்.”

ரிஸ்வானா தலையை ஆட்டிவிட்டு, குறிப்புப் பகுதியில் ‘தனிமையை விரும்புகிறார்’ என்று எழுதிக்கொண்டாள்.

நஞ்சப்பன் ஒரு பெட்டியோடும் கேரம் பலகையோடும் வண்டியில் ஏறிப் போனார். மங்கையர்க்கரசி முதல் ஞாயிற்றுக்கிழமையே தொண்டாமுத்தூர் பேருந்தைப் பிடித்தாள்.

கூட்டில்லத்தின் வாசலுக்கு வரும்போதே இரைச்சல் கேட்டது. அங்கே எல்லோர் கையிலும் பட்டை. எண்ணிக்கை ஏறினால்தான் வெளியே விடுவார்கள் என்பதால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே, துணி காயப்போட்டுக்கொண்டே, பல் துலக்கிக்கொண்டே பேசினார்கள். நடுக்கூடத்தில் நஞ்சப்பன் மூன்று பேரோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தொண்டை கட்டியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

“இவரு பழனிச்சாமி, எங்கூட கம்பெனியில வார்ப்படத்துல இருந்தவரு. இவரு சம்சுதீன். அம்மிணி, இங்க மத்தியானச் சோறு நல்லாருக்குதுங்க. நல்லாருக்குதுன்னு சொன்னா, இல்லைன்னு சண்டைக்கு வரதுக்கும் ஆளிருக்குது.” பத்து நிமிடத்தில் அங்கிருந்த எல்லோருடைய கதையையும் சொல்லி முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணே ஒண்ணுதானுங்க. இங்க யாரும் வாய மூடறதில்ல. வாங்க, பின்னால போலாம்.”

பின்பக்கம் ஒரு புங்கமரம் இருந்தது. கீழே சிமெண்ட் பெஞ்சு. இருவரும் உட்கார்ந்தார்கள். தூரத்தில் மலை தெரிந்தது. காற்று வந்தது. அவர் மடியிலிருந்து கடலையை எடுத்து நடுவில் வைத்தார். அவள் ஒன்றை எடுத்து உரித்தாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். கட்டடத்திலிருந்து காப்பாளர் வேகமாக வந்தார். பட்டையில் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும்.

“ஏனுங்க, பாக்க வந்தவங்களும் நீங்களும் மொகத்தத் திருப்பிட்டு உக்காந்திருக்கறீங்க? பேச்சக் காணோம்? ஏதாச்சும் சண்டைங்களா?”

நஞ்சப்பன் மங்கையர்க்கரசியைப் பார்த்தார். அவள் கடலைத் தோலை ஊதினாள்.

“ஆமாங்க,” என்றார் நஞ்சப்பன். “பெரிய சண்டை. இப்பத்திக்குத் தீராது. நீங்க போங்க, நாங்க பாத்துக்கறோம்.”